கடைசிப் பாட்டும் கடைசி ரயிலும்: பேரரங்கில் எழுந்துகொள்ளும் நேரம் பற்றிய ஆய்வு

பெருநகரத்துப் பேரரங்கு ஒன்றில் நடக்கும் இசை நிகழ்ச்சிக்குப் போக நினைப்பவருக்கு அறிவுரைப் பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. டிக்கெட் விற்பனை தொடங்கும் காலையில் எத்தனை போன்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், எந்த அடுக்கில் இடம் பிடித்தால் பாடகரின் முகம் தெரியும், கதவை எத்தனை மணிக்குத் திறப்பார்கள், தண்ணீர் பாட்டிலை உள்ளே விடுவார்களா என்பன பற்றியெல்லாம் ஆராய்ந்து தெளிந்தவர் பலர். ஆனால் அவர்கள் அத்தனை பேரும் உள்ளே போய் உட்கார்ந்ததோடு ஆய்வை முடித்துக்கொண்டார்கள். எப்போது எழுந்துகொள்வது என்ற வினாவைத் தொட்டவர் மிகச் சிலர். தொட்டவர்களும் அதை ஒழுக்கப் பிரச்சினையாகக் கருதி, கடைசிவரை இருப்பதுதான் மரியாதை என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிட்டார்கள். இக்கட்டுரை நிறுவ முற்படுவது இது: பேரரங்கிற்குப் போவது என்பது, நுணுகிப் பார்த்தால், பேரரங்கிலிருந்து திரும்புவதே. ஆகவே திட்டம் கடைசி ரயிலில் தொடங்கி, பின்னோக்கி நடந்து, டிக்கெட்டில் வந்து முடிய வேண்டும். அப்படி நடந்து வரும் வழியில், எழுந்துகொள்வதற்கு உரிய பாட்டு ஒன்று எதிர்ப்படும். அதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே கண்டறிந்து வைத்துக்கொள்வதுதான் திட்டமிடல்.

ஆய்வுக் களமாக லண்டனில் கிரீனிச் தீபகற்பத்திலுள்ள ஓ2 அரங்கம் கொள்ளப்பட்டது. காரணம் உண்டு. உலகத்துக்கே நேரம் சொல்லும் தீர்க்கரேகை அந்தத் தீபகற்பத்தை ஒட்டிப் போகிறது. அரங்கத்தை மூடியிருக்கும் வெள்ளைக் கூடாரம், 2000-ஆம் ஆண்டை வரவேற்க மில்லேனியம் டோம் என்ற பெயரில் எழுப்பப்பட்டது. அதன் விட்டம் 365 மீட்டர். கூரையைத் துளைத்துக்கொண்டு நிற்கும் மஞ்சள் தூண்கள் 12. ஆண்டுக்கு எத்தனை நாள், எத்தனை மாதம் என்பதை உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும் ஒரு கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, மணி என்ன ஆகிறது என்று பாராமல் பாட்டில் லயித்திருப்பது கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ராஜர்ஸின் உழைப்பை அவமதிப்பதாகும். அந்தக் கூடாரத்தின் உள்ளே 2007 ஜூன் 24 அன்று போன் ஜோவி குழுவின் நிகழ்ச்சியோடு திறக்கப்பட்ட அரங்கில் சுமார் 20,000 பேர் கொள்ளும். இளையராஜாவும் 2013-இல் அங்கே நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார். ஆகவே களம் தமிழருக்கு அயல் அன்று.

இனி இடத்தின் இயல்பு. மூன்று பக்கம் தேம்ஸ் நதி. பாதாள ரயிலுக்கு ஒரே நிலையம், ஜூபிலி லைனின் நார்த் கிரீனிச். காரில் வருவோர் வடகரைக்குப் போக நதிக்கு அடியில் சுரங்கச் சாலை. பேருந்துகள் உண்டு, படகும் உண்டு. நதிக்கு மேலே கம்பியில் ஊர்ந்துபோகும் கேபிள் காரும் இருக்கிறது. பெரும்பாலான நாள்களில் அது கச்சேரி முடிவதற்கு முன்பே கடையைக் கட்டிவிடும். வருவோர் இந்த வழிகளில் மாலை நான்கு மணி முதலே சிறுகச் சிறுக வருகிறார்கள். கூடாரத்துக்குள் அரங்கைச் சுற்றி வரிசையாக இருக்கும் உணவகங்களில் ஒருவர் சாப்பிடுகிறார், இன்னொருவர் நண்பருக்காகக் காத்திருக்கிறார், வேறொருவர் முன்னணிப் பாடகருக்கு முன் பாட வந்தவரைப் பொருட்படுத்தாமல் எட்டரைக்கு நுழைகிறார். வருகை நான்கு மணி நேரத்தில் பரந்து கிடக்கிறது. போக்கு அப்படியன்று. விளக்கு எரிந்ததும் 20,000 பேரும் ஒரே நிமிடத்தில் எழுகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் மட்டுமே ரயிலுக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே ஆள் இருக்கும் ரயில் ஒவ்வொன்றும் 500 பேரை விழுங்குகிறது என்றும், இரு திசையிலும் நான்கு நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்றும், கூட்டம் இரு திசைக்கும் சமமாகப் பிரிகிறது என்றும் தாராளமாகக் கொள்வோம். அப்படியும் 20 ரயில் வேண்டும், 40 நிமிடம் ஆகும். உண்மையில் கூட்டம் சமமாகப் பிரிவதில்லை. நகரின் நடுப்பகுதி மேற்கே இருப்பதால் பெரும்பாலோர் மேற்கு நோக்கியே போகிறார்கள். இக்கணக்கின் ஊகங்களை யார் எப்படித் திருத்தினாலும், கடைசியில் வருபவர் பிளாட்பாரத்தில் நிற்பதில்லை. நிலைய வாசலுக்கு வெளியே, நதிக்காற்றில், ஒலிபெருக்கியில் பொறுமையாக இருக்கச் சொல்லும் பணியாளர் ஒருவரின் முன் நிற்கிறார்.

இது என்ன திணை என்று கேட்பது தமிழாய்வாளரின் கடமை. நதி கடலைத் தேடிப் போகும் முகத்துவாரப் பக்கம் ஆதலால் நிலம் நெய்தலின் சாயல் உடைத்து. பொழுது யாமம், அது குறிஞ்சிக்கு உரியது. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல் ஆகலின், பிளாட்பாரத்தில் உடம்போடு உடம்பு நெருங்கி நிற்பதை அதன்பாற் படுத்துவார் உளராலோ எனின், அது பொருந்தாது, என்னை? ஒருவர் முகத்தை ஒருவர் ஏறிட்டுப் பாராதிருத்தலே லண்டன் பிளாட்பாரத்தின் மரபு ஆகலின். இங்கு உரிப்பொருள் பிரிதலே. பாடகரைப் பிரிதல், உடன் வந்து வேறு திசை போகும் நண்பரைப் பிரிதல், நெருக்கடியில் கைநழுவிய கணவனையோ மனைவியையோ பிரிதல் என அது பலவகைப்படும். எனவே இது பாலை. திணைகள் இவ்வாறு மயங்குவதைத் தொல்காப்பியர் விலக்கவில்லை என்பதால் இவ்வாய்வுக்கு இலக்கணத் தடை ஏதும் இல்லை. பொருளைத் தேடிப் பிரிந்தவன் கார்காலம் தொடங்குமுன் திரும்புவதாகச் சொல்லிச் சென்றதைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. நம் தலைவன் கடைசி ரயிலுக்கு முன் திரும்ப வேண்டும். குறித்த பருவம் தவறினால் விளைவது இரண்டு இடத்திலும் ஒன்றே. வீட்டில் ஒருவர் விழித்திருக்கிறார்.

எழுந்துகொள்ளும் பாட்டு எல்லாருக்கும் ஒன்றாக இருக்க முடியாது, அது வீட்டு முகவரியைப் பொறுத்தது என்பதை லண்டன் தமிழரைக் கொண்டே நிறுவலாம். இவர்களை ஈஸ்ட்ஹாம் மரபினர், வெம்பிளி மரபினர், டூட்டிங் மரபினர் என மூவகையாகக் கொள்க. ஈஸ்ட்ஹாம்காரர் ஊரெல்லாம் மேற்கே பாயும்போது கிழக்கே போகிறார். கேனிங் டவுன் தாண்டி இரண்டாவது நிறுத்தமான வெஸ்ட்ஹாமில் இறங்கி, டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் அவருடைய ஊர். இவருக்குக் கூட்டத் தொல்லை குறைவு. வார நாளில் இவர் கடைசிப் பாட்டின் பாதிவரை இருந்து பார்க்கலாம். வெம்பிளிக்காரருக்கு வண்டி மாறும் வேலையே இல்லை, ஜூபிலி லைனே வெம்பிளி பார்க்கில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. ஆனால் அது லண்டனின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போகும் பயணம். உட்கார இடம் கிடைத்தால் அது தூக்கம், கிடைக்காவிட்டால் தவம். ஆகவே இவர் கடைசிப் பாட்டுக்கு முந்தைய பாட்டில் எழ வேண்டும். டூட்டிங்காரர் நிலைதான் பரிதாபம். லண்டன் பிரிட்ஜில் இறங்கி, எஸ்கலேட்டர்களும் நடைபாதைகளும் கடந்து, நார்தர்ன் லைனைப் பிடித்து, தெற்கே நெடுந்தூரம் போக வேண்டும். இரண்டு வண்டிகளின் நேரத்துக்கும் கட்டுப்பட்டவர் அவர். அவருக்கு உரியது கடைசியிலிருந்து மூன்றாவது பாட்டு. ஒரே பாடகர், ஒரே இரவு, ஒரே விலை. ஆயினும் மூவர் கேட்பது மூன்று வெவ்வேறு கச்சேரிகள். இசை ரசனை வளர்ப்பால் அமைவது என்று இதுவரை எழுதியவர்கள் வீட்டு வாடகையைக் கணக்கில் எடுக்கவில்லை.

வெள்ளி, சனி இரவுகளில் ஜூபிலி லைன் விடிய விடிய ஓடுகிறதே, அப்போது இந்தக் கோட்பாடு என்ன ஆகும் என்று கேட்கலாம். கோட்பாடு இன்னும் வலுப்பெறுகிறது என்க. இரவு முழுதும் ஓடுவது ஐந்து பாதாள வழித்தடங்களில் மட்டுமே. டிஸ்ட்ரிக்ட் லைன் அவற்றுள் இல்லை. வார நாளில் மூவருள்ளும் பாக்கியசாலியாக இருந்த ஈஸ்ட்ஹாம்காரர் சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பின் வெஸ்ட்ஹாம் நிலையத்தில் நிராதரவாக இறக்கிவிடப்படுகிறார். நார்தர்ன் லைன் இரவெல்லாம் ஓடினாலும் லண்டன் பிரிட்ஜ் வழியாக ஓடுவதில்லை, வாட்டர்லூ வழியாகவே ஓடுகிறது. இதை அறியாத டூட்டிங்காரர் பழக்க தோஷத்தில் லண்டன் பிரிட்ஜில் இறங்கி, அடைத்த வாயிலின் முன் நின்று, மீண்டும் ஜூபிலி லைனுக்கே போய் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்க வேண்டும். வெம்பிளிக்காரர் மட்டும் அன்றிரவு அரசர். ஆகவே டிக்கெட் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பாடகர் யார் என்பதன்று. கிழமை என்ன என்பது.

கடைசி ரயில் பாடகரைவிடப் பெரியது என்பதற்கு இக்களத்திலேயே வலுவான சான்று உண்டு. 2013 மார்ச் 4, திங்கட்கிழமை. ஜஸ்டின் பீபர் ஓ2 மேடைக்கு வந்தபோது இரவு பத்து மணி கடந்துவிட்டது. எவ்வளவு தாமதம் என்பதில் அவருக்கும் ரசிகர்களுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடம், போக வேண்டியது தூரம் என்ற நிலையில், பிள்ளைகளை அழைத்து வந்த பெற்றோர் பலர் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அழும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார்கள். உலகப் புகழ் பெற்ற ஒரு பாடகர் கண்ணெதிரே பாடிக்கொண்டிருக்க, அவரைவிட ஜூபிலி லைனின் கால அட்டவணை வலிமையானதாக இருந்தது. அட்டவணை எவருக்காகவும் காத்திருப்பதில்லை என்பதற்கு இதைவிட உயர்ந்த இடத்துச் சான்றும் இருக்கிறது. 2012 ஜூலை 14 அன்று அதே நகரின் ஹைட் பார்க்கில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடினார்கள். அனுமதித்த நேரம் கடந்ததும், இருவரும் கூட்டத்துக்கு நன்றி சொல்லி விடைபெறும் முன்பே மைக்கின் ஒலியை நிறுத்திவிட்டார்கள். பீட்டில்ஸில் பாடியவருக்கே ஐந்து நிமிடம் கூடுதலாகத் தர மனமில்லாத உலகத்தில், பின்வரிசை ரசிகருக்காக ஒரு ரயில் நிற்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

இந்தச் சங்கடம் மேற்கத்திய மேடை நிகழ்ச்சியின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. அங்கே எல்லாரும் எதிர்பார்க்கும் பாட்டைக் கடைசிக்கு வைக்கிறார்கள். அதற்கு முன் பாடகர் கையசைத்து உள்ளே போய்விடுவதாக ஒரு நாடகம். போகவில்லை என்பது 20,000 பேருக்கும் தெரியும். ஆனாலும் தரையை உதைத்துக் கூப்பிடுகிறார்கள். அவரும் மனம் இரங்கியவர்போல் திரும்பி வருகிறார். விளைவு, ஒருவர்கூட முன்னால் எழுவதில்லை. ஒட்டுமொத்தக் கூட்டத்தையும் ஒரே நொடிக்கு அடைத்து வைத்து, ஒரே நொடியில் அவிழ்த்துவிடும் ஏற்பாடு இது. இதற்கு நேர் எதிரானது கர்நாடக இசையில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தியதாகச் சொல்லப்படும் கச்சேரிப் பத்ததி. வர்ணத்தில் தொடங்கி, நடுவில் ஆலாபனையும் நிரவலும் ஸ்வரமுமாகப் பெரிய உருப்படி, அதன் வாலில் தனி ஆவர்த்தனம், பிறகு பதம், ஜாவளி, திருப்புகழ் என்று துக்கடாக்கள், கடைசியில் மங்களம். கனமானது நடுவில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு கேட்பவர் தத்தம் பேருந்துக்கும் பசிக்கும் ஏற்ப விடுபட்டுக்கொள்ளலாம். தனி ஆவர்த்தனத்தின்போது ஒரு பகுதி கேன்டீனுக்குப் போகிறது, துக்கடாவின்போது இன்னொரு பகுதி செருப்பைத் தேடுகிறது, மங்களத்தின்போது மிஞ்சியவர்கள் நின்றுகொண்டே பையைத் தோளில் மாட்டுகிறார்கள். அரங்கம் மூன்று தவணையில் காலியாகிறது. மார்கழி மாதத்தில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இத்தனை சபாக்கள் ஒரே மாலையில் கச்சேரி நடத்தியும் வாசல்களில் நெரிசல் இல்லையென்றால், அந்தப் பெருமையில் ஒரு பங்கு அரியக்குடிக்குச் சேரும். அவரை இசை வல்லுநர் என்று மட்டும் கொண்டாடுவோர் போக்குவரத்துப் பொறியாளராகிய அவரைக் காணத் தவறினார்கள்.

வெளியேற்றத்தை இசைக்குள்ளேயே அமைப்பது ஐரோப்பாவுக்குத் தெரியாததன்று, அவர்கள் மறந்துவிட்டார்கள் என்பதே சரி. 1772-இல் யோசப் ஹைடன் தம் 45-ஆவது சிம்பொனியை எழுதியபோது, எஸ்தர்ஹாசி இளவரசர் கோடைக்கால அரண்மனையை விட்டு நகராமல் இருந்தார். அவருடைய இசைக்குழுக் கலைஞர்கள் குடும்பத்தைப் பிரிந்து அங்கேயே கிடந்தார்கள். கடைசிப் பகுதியில் ஒவ்வொரு கலைஞராகத் தம் பங்கை வாசித்து முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, எழுந்து போனார். இறுதியில் இரண்டு வயலின்கள் மிஞ்சின. குறிப்பை உணர்ந்த இளவரசர் மறுநாள் கிளம்ப உத்தரவிட்டார். இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது, ஒரு பெரும் இசைமேதை ‘வீட்டுக்குப் போக வேண்டும்’ என்பதைச் சிம்பொனிக்குத் தகுந்த கருப்பொருளாகக் கருதியதுதான்.

இனித் தடைவிடை. ‘பாடிக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு நேரே எழுந்து போவது அவமரியாதை ஆகாதா?’ எனின், ஆகாது. பாடகரே நமக்கு முன்பாகப் போய்விடுகிறார் ஆகலின். 1956 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவில் ஷ்ரீவ்போர்ட் நகரில் எல்விஸ் பிரெஸ்லி பாடி முடித்ததும், அடுத்துப் பாட ஆள்கள் இருந்தும், இளைஞர் கூட்டம் அவரைத் தேடி வெளியே ஓடத் தொடங்கியது. எல்விஸ் கட்டடத்தை விட்டே போய்விட்டார், தயவுசெய்து உட்காருங்கள் என்று அறிவிப்பாளர் ஹோரஸ் லோகன் மன்றாட வேண்டியதாயிற்று. பின்னாளில் அதே அறிவிப்பு, கூட்டத்தைக் கலைந்துபோகச் செய்வதற்கான வாசகமாக மாறி, எல்விஸ் நிகழ்ச்சிகளின் முடிவில் ஒலித்தது. உட்கார வைக்கப் பிறந்த வாக்கியம் எழுந்து போக வைக்கப் பயன்பட்டது. இன்றும் பேரரங்கப் பாடகரின் கார் மேடையின் பின்புறமே நிற்கிறது, கடைசி ஸ்வரம் காற்றில் அடங்குமுன் அவர் கிளம்பிவிடலாம். தம் வீட்டுக்குத் திரும்பும் வழியை இவ்வளவு அக்கறையோடு திட்டமிடும் ஒருவர், பிறர் அதையே செய்வதைத் தவறாக நினைக்க முடியாது.

‘கொடுத்த காசுக்கு முழுதாகக் கேட்க வேண்டாமா?’ என்பது அடுத்த தடை. இது நடுத்தர வர்க்கத்தின் நியாயமான குரல் ஆதலால் கணக்கால் பதில் சொல்வோம். டிக்கெட் 100 பவுண்டு, நிகழ்ச்சி இரண்டு மணி நேரம் என்று கொண்டால், ஐந்து நிமிடக் கடைசிப் பாட்டின் விலை நான்கு பவுண்டுக்குச் சற்று மேல். ரயிலைத் தவறவிட்டவர் வீடுபோய்ச் சேர டாக்சிக்குத் தரப்போவது அதைப்போல் எத்தனை மடங்கு என்பதை லண்டன்வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மேலும் கடைசிப் பாட்டு என்பது, எல்லாருக்கும் மனப்பாடமாக இருப்பதால்தான் கடைசிக்கு வைக்கப்படுகிறது. காதில் ஏற்கெனவே தங்கிவிட்ட பாட்டை மீண்டும் கேட்கக் காசு கொடுத்தவர், அதைப் பிளாட்பாரத்தில் தாமே முணுமுணுத்துக்கொள்ள முடியும். எது கடைசிப் பாட்டு என்று தெரியாதே என்றும் சொல்ல முடியாது. சுற்றுப்பயணக் கலைஞர் பெரும்பாலும் ஊருக்கு ஊர் அதே வரிசையில்தான் பாடுகிறார், முந்தைய ஊரின் வரிசை மறுநாளே உலகறியக் கிடைத்துவிடுகிறது.

‘இவ்விடத்தின் பேர்பெற்ற நெரிசல் திரும்பும்போது நிகழவில்லையே, வரும்போதல்லவா நிகழ்ந்தது?’ என்று வரலாறு அறிந்தவர் மடக்கலாம். உண்மைதான். 1999 டிசம்பர் 31 இரவு, டோமின் திறப்பு விழாவுக்கு அழைக்கப்பட்ட விருந்தினர் ஆயிரக்கணக்கில் ஸ்ட்ராட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்காக மணிக்கணக்கில் நிறுத்தப்பட்டார்கள். அவர்களுள் பத்திரிகை ஆசிரியர்களும் இருந்தார்கள். ஆசிரியர்களைக் காக்க வைத்த கட்டடத்தைப் பற்றி மறுநாள் பத்திரிகைகள் எப்படி எழுதின என்பது ஊகிக்கக்கூடியதே. ஆனால் அது ஒரே ஓர் இரவு. வருகையின் சிக்கல்கள் எல்லாம் விதிகளால் தீர்ந்துவிட்டன. ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே விடுவதில்லை என்ற விதி அவற்றுள் ஒன்று. திரும்புவதற்கு விதியே எழுதப்படவில்லை. இங்கே நியூயார்க்கைக் காட்டுவோரும் உண்டு: மேடிசன் ஸ்கொயர் கார்டன் 1968 முதல் பென் ஸ்டேஷனின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது, படி இறங்கினால் ரயில், அங்கே எதற்குப் பதற்றம் என்பார்கள். பென் ஸ்டேஷனில் எந்த ரயில் எந்தப் பாதையில் வரும் என்பதைப் புறப்படச் சற்று முன்புதான் பலகையில் காட்டுகிறார்கள். அதுவரை கழுத்தை நிமிர்த்தி நின்ற கூட்டம் எண் தெரிந்ததும் ஒரே படிக்கட்டுக்கு ஓடுகிறது. அரங்கத்தில் மிச்சப்படுத்திய நடையை அங்கே ஓட்டமாகச் செலுத்த வேண்டும். காரில் போவோர், பிளாக்வால் சுரங்கத்திலும் அதன் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த சில்வர்டவுன் சுரங்கத்திலும் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரைதான் கட்டணம், ஆகவே வடகரையிலிருந்து போவதற்கே விலை, திரும்புவது இலவசம், அரசே திரும்புதலை மதிக்கவில்லை என்று வாதிடுவர். விலை வைக்க முடியாததற்குத்தான் விலை இல்லை என்று விடை கூறி மேற்செல்க.

எழுவது என்று முடிவானபின் எப்படி எழுவது என்பது நுட்பமான பகுதி. மூன்று தருணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, எல்லாரும் எழுந்து ஆடும் துள்ளல் பாட்டு. நிற்பவர்களுக்கு நடுவே ஒருவர் நகர்வது தெரியாது என்பர். ஆனால் ஆடுபவரின் முழங்கை நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை, ஆகவே இது தள்ளத்தக்கது. இரண்டாவது, மெதுவான காதல் பாட்டு. அப்போது ஆயிரக்கணக்கானோர் போனில் டார்ச்சை எரியவிட்டுத் தலைக்கு மேலே பிடித்து ஆட்டுகிறார்கள். மேல் அடுக்கின் செங்குத்தான படிகளில், காலடி தெரியாத இருட்டில் இறங்க வேண்டியவருக்கு இதைவிட நல்ல விளக்கு ஏற்பாடு வாய்க்காது. ஆனால் இப்பாட்டு பெரும்பாலும் நடுவிலேயே வந்துவிடும், டூட்டிங்காரருக்குக்கூட அது சீக்கிரம். மூன்றாவதே சிறந்தது: பாடகர் போவதுபோல் உள்ளே போயிருக்கும் அந்த இரண்டு நிமிட இருட்டு. அப்போது எழுபவரைக் கழிப்பறைக்குப் போகிறார் என்றே உலகம் கருதும். முழங்கால்களை ஒதுக்கி அனுதாபத்தோடு வழிவிடும். ஒரே எச்சரிக்கை, கோட்டு. குளிர்காலத்தில் இருக்கையின் முதுகில் தொங்கும் கோட்டை எடுத்து, கையை நுழைத்து, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு எவரும் கழிப்பறைக்குப் போவதில்லை. அந்தப் பொத்தான் ஒலி கேட்டதும் பக்கத்து இருக்கைக்காரரின் முகம் மாறிவிடும். கோட்டைச் சுருட்டி மடியில் வைத்திருந்து, அரங்கத்துக்கு வெளியே நடைவழிக்கு வந்தபின் போட்டுக்கொள்வதே சான்றோர் வழக்கு. இதிலிருந்து எந்த இருக்கையை வாங்குவது என்ற பழைய வினாவுக்கும் விடை தானே வருகிறது. மேடைக்கு அருகில் என்பது அறியாமை. நடுவில் என்பது ஆணவம். வரிசையின் ஓரம், வாயிலுக்கு மிக அருகில், முடிந்தால் எஸ்கலேட்டரில் இறங்க வேண்டாத கீழ் அடுக்கு. மேடை தூணுக்குப் பின்னால் மறைந்தாலும் பரவாயில்லை.

புறனடை ஒன்றும் வேண்டும். 2007 டிசம்பர் 10 அன்று இதே அரங்கில் லெட் செப்பலின் குழு மீண்டும் ஒன்றுசேர்ந்து வாசித்தது. குழு கலைந்தது 1980-இல்; டிக்கெட்டுக்கு வந்த விண்ணப்பங்கள் இரண்டு கோடி என்று செய்திகள் கூறின. இருபத்தேழு ஆண்டு காத்திருந்தவர் ஒரு ரயிலுக்காக எழ வேண்டும் என்று இவ்வாய்வு சொல்லாது. அவர் இரவுப் பேருந்தில் போகட்டும். அதே ஆண்டு கோடையில் 21 இரவுகள் பாடிய பிரின்ஸ், அவற்றுள் பல இரவுகளில் கச்சேரி முடிந்தபின் பக்கத்துச் சிற்றரங்கில் அதிகாலைவரை இன்னொரு கச்சேரி நடத்தினார். அவருடைய ரசிகர்கள் கடைசி ரயில் பிரச்சினையை முதல் ரயில் பிரச்சினையாக மாற்றிக்கொண்டார்கள். இது ஏற்புடைய தீர்வே, மறுநாள் வேலை இல்லாதவர்க்கு. 2017 ஜூலையில் வெம்பிளி அரங்கில் ஏ.ஆர்.ரஹ்மான் நடத்திய ‘நேற்று இன்று நாளை’ நிகழ்ச்சியைப் புறனடையில் சேர்ப்பதா விதியில் சேர்ப்பதா என்பதில் தெளிவு தேவை. தமிழ்ப் பாட்டுகள் அதிகம் என்று இந்தி ரசிகர் சிலர் பாதியில் எழுந்து போனதும், பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பெரிய சர்ச்சை ஆயின. எல்லாரும் அதை மொழிப் பிரச்சினையாகவே விவாதித்தார்கள். எழுந்தவர்களுக்கு வெம்பிளி பார்க் நிலையத்தில் உட்கார இடம் கிடைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. கிடைத்திருந்தால், தாங்கள் அறியாமலே அவர்கள் இக்கோட்பாட்டின் முன்னோடிகள் ஆவர்.

இறுதியாக ஒரு தடை எஞ்சுகிறது, அது கடினமானது. இக்கட்டுரையைப் படித்த அனைவரும் இதன்படி அந்த இரண்டு நிமிட இருட்டில் எழுந்தால் என்ன ஆகும்? 20,000 பேரும் கழிப்பறைக்குப் போவதுபோல் நடித்தபடி ஒரே வாயிலில் முட்டிக்கொள்வார்கள்; நெரிசல் ஒழியாது, பத்து நிமிடம் முன்னால் நகரும், அவ்வளவே. திரும்பி வந்து பார்க்கும் பாடகருக்கு முன்னால் அரங்கம் காலியாக இருக்கும். இதற்குத் தனிமனிதத் திட்டமிடலில் விடை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விடை மேடையில் இருக்கிறது. புகழ்பெற்ற பாட்டை நடுவில் வைத்து, அதன் முடிவில் டிரம்ஸ் வாசிப்பவருக்கு நீண்ட தனி ஆவர்த்தனம் கொடுத்து, அதன் பிறகு சிறு பாட்டுகளைத் துக்கடாக்களாகப் பாடி முடித்தால், டூட்டிங்காரர் டிரம்ஸின்போதும், வெம்பிளிக்காரர் இரண்டாம் துக்கடாவின்போதும், ஈஸ்ட்ஹாம்காரர் மங்களத்தின்போதும் அமைதியாக எழலாம். நார்த் கிரீனிச்சில் ஒரு ரயிலுக்கு உரிய கூட்டம் மட்டும் ஒவ்வொரு தடவையும் வந்து சேரும். டிரம்ஸ் கலைஞர்கள் இதற்கு ஒப்புவார்களா என்பது தனியே ஆராயத்தக்கது. மிருதங்க வித்வான்கள் இன்றுவரை ஒப்பவில்லை. ஆனாலும் ஏற்பாடு நடந்துகொண்டுதான் இருக்கிறது.